ஒதுக்கிய நிதியும் ஒதுக்கப்பட்ட மக்களும்

2015 அக்டோபர் 10 அன்று அதிகாலையில், அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் தெற்குப் புறத்தில் கேரிக்மைன்ஸ் என்னுமிடத்தில் டிராவலர் சமூகத்தினர் வாழ்ந்த திடலில் தீப்பற்றியது. பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அது உள்ளாட்சி மன்றமே 2008இல் அமைத்துத் தந்த திடல். அதன் அரசாங்கப் பெயர் ‘தற்காலிகத் திடல்’. ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகும் அது தற்காலிகமாகவே இருந்தது.

நாடு முழுவதும் இரங்கல் தெரிவிக்கப்பட்டது. ஆனால், உயிர் தப்பியவர்களைத் தங்க வைக்க மன்றம் அருகிலேயே ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அப்பகுதிவாசிகள் தங்கள் கார்களைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தார்கள். இறந்தவர்கள் அடக்கம் செய்யப்படும் முன்பே நடந்தது இது. மன்றம் பின்வாங்கி, அக்குடும்பங்களை வேறோர் இடத்துக்கு அனுப்பியது. டிராவலர்களுக்கென அயர்லாந்து அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் வீட்டு நிதி ஏன் வீடாக மாறுவதில்லை என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே பெரும்பகுதி விடை.

டிராவலர்கள் வெளியிலிருந்து வந்தவர்களல்லர். அயர்லாந்தின் மண்ணின் மைந்தர்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் குடியமர்ந்த ஐரிஷ் மக்களிடமிருந்து தனிக் குழுவாகப் பிரிந்துவிட்டதாக மதிப்பிட்டது. 1840களின் பெரும் பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்தவர்களின் வாரிசுகளே இவர்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை அத்துடன் அடிபட்டுப் போனது. தகரப் பாத்திரம் செய்தல், குதிரை வணிகம், பருவகால வேளாண் கூலி ஆகியவை அவர்களுடைய தொழில்களாக இருந்தன. பிளாஸ்டிக் பாத்திரமும் டிராக்டரும் வந்த பிறகு இத்தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்களின் எண்ணிக்கை 32,949. மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஐம்பது இலட்சம் மக்களும் ஐரோப்பாவின் உயர்ந்த தலா வருமானமும் கொண்ட ஒரு நாட்டால், நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றின் மக்கள்தொகைக்குச் சமமான இம்மக்களுக்கு வீடு தர முடியவில்லை என்பதை யாரும் நம்பப் போவதில்லை. முடியாமை இங்கே பிரச்சனையே அல்ல.

அரசின் அணுகுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960இல் அமைக்கப்பட்ட ஆணையம் 1963இல் அளித்த அறிக்கை, நாடோடி வாழ்க்கையையே ஒரு பிரச்சனையாகக் கண்டது. டிராவலர்களைப் பொதுச் சமூகத்துக்குள் கரைத்துவிடுவதே தீர்வு என்றது. அந்த ஆணையத்தில் ஒரு டிராவலர்கூட உறுப்பினராக இல்லை. இங்கே வீடு என்பது மனிதனின் பழக்கத்தை மாற்றுவதற்கான கருவியாக முன்வைக்கப்பட்டது. ‘வண்டியை விட்டு இறங்கு, வீடு தருகிறேன்’ என்பதே சலுகையின் நிபந்தனை. சாலையோரங்களில் பாறாங்கற்களைப் போட்டும் பள்ளம் தோண்டியும் வழக்கமான தங்குமிடங்களை அடைக்கும் வேலை இன்னொரு பக்கம் நடந்தது.

முப்பது ஆண்டுக்காலப் போராட்டத்துக்குப் பிறகுதான் அரசின் மொழி மாறியது. 1995இல் அரசு நியமித்த பணிக்குழு, 2000ஆம் ஆண்டுக்குள் 3,100 குடியிருப்பு அலகுகள் தேவை என்று கணக்கிட்டது. 1998இல் டிராவலர் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் எல்லைக்குள் வாழும் டிராவலர்களின் தேவையைக் கணக்கெடுத்து, ஐந்தாண்டுத் திட்டம் வகுத்து, நிறைவேற்ற வேண்டும். தனி வீடு, உறவினர் சேர்ந்து வாழும் தொகுப்பு வீடுகள், கேரவன் நிறுத்தித் தங்குவதற்குக் கழிப்பறையும் குடிநீரும் மின்சாரமும் உள்ள நிலையான திடல், பயணத்தின்போது சில காலம் தங்குவதற்கான இடைத்தங்கல் திடல் என எல்லா வகைகளும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். கட்டுமானத்துக்கான மூலதனச் செலவு முழுவதையும், நூற்றுக்கு நூறு, மத்திய வீட்டுவசதித் துறையே தரும். உள்ளாட்சிகளின் கஜானாவில் பணமில்லை என்ற சாக்குக்கு இதில் இடமே இல்லை.

சட்டத்தில் இல்லாமற்போனது ஒன்றே. திட்டத்தை நிறைவேற்றாத மன்றத்துக்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

ஆனால் டிராவலருக்குத் தண்டனை வந்து சேர்ந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வண்டியை நிறுத்துவதைக் குற்றமாக்கியது. ஒரு மாதம் வரை சிறை, 3,000 யூரோ வரை அபராதம், வண்டியைப் பறிமுதல் செய்யக் காவல்துறைக்கு அதிகாரம். அந்த வண்டிதான் அவர்களின் வீடு. திடல் அமைத்துத் தரும் கடமையில் தவறிய மன்றத்தை யாரும் கேட்கவில்லை. திடல் இல்லாததால் சாலையோரம் நின்ற குடும்பமோ குற்றவாளியாயிற்று. முதலாளித்துவ அரசின் சட்டங்களில் கடமை எழுதப்படும் மையும் தண்டனை எழுதப்படும் மையும் வேறு வேறு போலும்!

பிறகு 2008ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. வீட்டுமனைச் சூதாட்டத்தில் ஐரிஷ் வங்கிகள் திவாலாயின. அவற்றைத் தூக்கி நிறுத்த 64 பில்லியன் யூரோ, அதாவது 6,400 கோடி யூரோ மக்கள் பணம் கொட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நிதியமும் கடன் தந்து சிக்கன நடவடிக்கைகளைச் சுமத்தின. அந்தச் சிக்கனத்தின் கத்தி முதலில் எங்கே விழுந்தது? டிராவலர் குடியிருப்புக்கான ஒதுக்கீடு 2008இல் 4 கோடி யூரோ. 2012இல் 60 இலட்சம். 85 சதவீத வெட்டு. அவர்களுடைய குழந்தைகளின் கல்விக்கான சிறப்பு நிதி இதைவிடவும் அதிகமாக, 86 சதவீதத்துக்கு மேல் வெட்டப்பட்டது. நாட்டின் வேறெந்தப் பிரிவு மக்களும் இந்த அளவு வெட்டைத் தாங்க வேண்டியிருக்கவில்லை.

வெட்டு பாதிக் கதைதான். வெட்டிய பிறகு மிஞ்சியதும் செலவாகவில்லை என்பதே மீதிக் கதை. 2008 முதல் 2018 வரையிலான பதினோர் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 16.88 கோடி யூரோ. உள்ளாட்சி மன்றங்கள் பெற்றுச் செலவிட்டது 11.06 கோடி. ஏறத்தாழ 5.8 கோடி யூரோ, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக, கேட்பாரின்றிக் கிடந்தது. 2018இல் ஒதுக்கீடு ஒரு கோடியே இருபது இலட்சம். செலவானது ஏறத்தாழ பாதிதான். ஒரு யூரோகூடக் கேட்டுப் பெறாத மன்றங்களும் அந்த ஆண்டில் இருந்தன. ஒதுக்கீடு முழுவதையும் சேர்த்தாலும் வங்கிகளுக்குக் கொடுத்ததில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட வராது. அதைச் செலவிடுவதற்குக்கூட மனமில்லை.

நிர்வாகத்தின் விளக்கங்கள் எப்போதும் தயாராக உள்ளன. திட்ட அனுமதிக்கு நாளாகிறது, துறையின் ஒப்புதல் நான்கு கட்டங்களைக் கடக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் கிடைப்பதில்லை, குடும்பங்களுக்கிடையே பிணக்குகள் உள்ளன என்பார்கள். இவை முழுப் பொய்யல்ல. ஆனால் இதே மன்றங்கள் சாலை போடுகின்றன, வணிக வளாகங்களுக்கு அனுமதி தருகின்றன. அவற்றில் மட்டும் ஒப்புதல் கட்டங்கள் எப்படியோ கடந்துவிடப்படுகின்றன. உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. ஐந்தாண்டுத் திட்டத்தை மன்றம் நிறைவேற்றும். அது வெறும் ஆவணம், அதில் ஊர்ப் பெயர் முன்னால் நிற்பதில்லை. குறிப்பிட்ட வயலில், குறிப்பிட்ட தெருவின் கோடியில் திடல் வரப்போகிறது என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போதுதான் அப்பகுதி உறுப்பினருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். தீர்மானம் தோற்கும், அல்லது ஒத்திவைக்கப்படும். நீண்டகாலமாக மன்றங்களில் ஆதிக்கம் செலுத்திவந்த ஃபியனா ஃபோல், ஃபினே கேல் ஆகிய இரு வலதுசாரிக் கட்சிகளுக்கும், சில ஆயிரம் டிராவலர் வாக்குகளுக்காக மனை உடைமையாளர்களைப் பகைத்துக்கொள்ளும் அவசியம் எதுவுமில்லை.

செலவாகாத பணத்துக்கு மனித உடல் கொடுக்கும் விலை 2010இல் வெளியான அனைத்து அயர்லாந்து டிராவலர் சுகாதார ஆய்வில் உள்ளது. டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7 ஆண்டுகள். பிற ஆண்களைவிட 15 ஆண்டுகள் குறைவு. பெண்களுக்கு 11 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. சிசு மரணம் மூன்றரை மடங்கு. தற்கொலை ஆறு மடங்கு. குழந்தைகள் நலக் குறைதீர்ப்பாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒரு மன்றத்தின் திடலைப் பற்றியது. 40 பேருக்கென அமைக்கப்பட்ட கழிப்பறைகளையும் குளியலறைகளையும் 140 பேர் பயன்படுத்தினார்கள். அங்கே 38 குடும்பங்களும் 66 குழந்தைகளும் வாழ்ந்தனர். எலிகளுக்கு நடுவே, சேற்றில் நடந்து, பள்ளிக்குப் போகும் முன் காலணிகளைத் துடைக்க வேண்டிய குழந்தைகள். இது சட்டவிரோதமான சாலையோரக் குடியிருப்பு அன்று. மன்றத்தின் சொந்தத் திடல்.

இடைக்கால வெற்றிகள் இல்லாமலில்லை. ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு, அயர்லாந்து தன் உடன்படிக்கைக் கடமைகளை மீறியுள்ளது என்று 2015 டிசம்பரில் முடிவு செய்தது. 2017 மார்ச் 1 அன்று டிராவலர்களைத் தனி இனக்குழுவாக அரசு அங்கீகரித்தது. பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது பார்வையாளர் மாடத்தில் இருந்த டிராவலர்கள் கண்ணீர் விட்டனர். அந்தக் கண்ணீரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது என்பதை அரசு ஒப்புக்கொள்வதே பெரும் போராட்டத்தின் பலன்தான். ஆயினும் அந்த அறிவிப்பினால் புதிய சட்ட உரிமையோ புதிய நிதிக் கடமையோ எதுவும் உருவாகவில்லை. அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பாதி மீண்டும் திரும்பிப் போயிற்று.

2019 ஜூலையில் நிபுணர் குழுவொன்று 32 பரிந்துரைகளை அளித்தது. அவற்றில் முக்கியமானவை: டிராவலர் குடியிருப்பு தொடர்பான திட்ட அனுமதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்களுக்கு உள்ள அதிகாரத்தை நிறுத்திவைப்பது, பொறுப்பு முழுவதையும் ஏற்கும் தேசிய அளவிலான அமைப்பு ஒன்றை உருவாக்குவது. அரசு இவற்றை உடனே ஏற்கவில்லை. கண்காணிப்பதற்கென ஒரு வாரியத்தை அமைத்தது. ஆனால் அதே ஆண்டில் மனித உரிமைகள் மற்றும் சமத்துவ ஆணையம் 31 உள்ளாட்சி மன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. 2020 முதல், மன்றவாரியாகப் பிரித்து ஒதுக்கும் முறை கைவிடப்பட்டு, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் பொது நிதியாக மாற்றப்பட்டது. வியப்பு! அந்த ஆண்டு ஒதுக்கிய 1.45 கோடி யூரோ ஏறத்தாழ முழுவதும் செலவாயிற்று. பத்தாண்டுகளாகக் கடக்க முடியாதிருந்த நிர்வாகச் சிக்கல்கள், கேள்வி கேட்கப்பட்டதும் மறைந்துவிட்டன.

இங்கே ஏமாந்துவிடக் கூடாது. அவ்வாறு செலவான தொகையில் கணிசமான பகுதி பழுதுபார்ப்புக்கும் பெருந்தொற்றுக்கால ஏற்பாடுகளுக்கும் போனது. கூடுதல் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் தேவைதான். ஆனால் அவை புதிய வீடுகள் அல்ல. செலவுப் பட்டியல் நிறைந்துவிட்டது என்பதற்காகக் கடமை நிறைவேறிவிட்டதாக எழுதிக்கொள்ள அதிகார வர்க்கம் எந்த நாட்டிலும் பழகியிருக்கிறது.

குடியமர்ந்த மக்களின் வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது இடதுசாரிகள் கடந்து போகக் கூடாத கேள்வி. இனவெறி என்ற ஒற்றைச் சொல் அதற்குப் பாதி விடையே தரும். அயர்லாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் ஒரு காலத்தில் நாட்டின் பெரும் வீடு கட்டுநர்களாக இருந்தன. நவதாராளமயம் அந்தப் பொறுப்பைச் சந்தையிடம் ஒப்படைத்தது. 2015இல், கேரிக்மைன்ஸ் எரிந்த அதே ஆண்டில், நாட்டிலுள்ள எல்லா உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து கட்டி முடித்த வீடுகள் வெறும் 75. பொது வீட்டுவசதி அழிந்த இடத்தில், முப்பதாண்டுக் கடனில் வாங்கிய சொந்த வீடே ஓர் உழைப்பாளியின் சேமிப்பு, ஓய்வூதியம், குழந்தைகளின் எதிர்காலம் எல்லாமாகிவிடுகிறது. அதன் சந்தை விலை குறையுமோ என்ற அச்சம் பக்கத்து வயலில் கேரவன் வருவதைத் தடுக்கக் கார்களைக் குறுக்கே நிறுத்துகிறது. நூற்றாண்டுக்கால இழிவுபடுத்தல் அந்த அச்சத்துக்கு ஒரு முகத்தைத் தருகிறது. வீட்டை முதலீடாக்கிய அதே கொள்கைதான் டிராவலரைச் சாலையோரத்தில் நிறுத்தியது. குடியமர்ந்த தொழிலாளியை அவருக்கு எதிராகவும் நிறுத்தியது.

ஆனால் இதிலிருந்து, ‘எல்லாருக்கும் பொது வீடு வந்தால் டிராவலர் பிரச்சனையும் தானே தீரும்’ என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். பொது வீட்டுவசதி செழித்திருந்த 1960, 70களிலும் டிராவலர்கள் வெளியேதான் இருந்தார்கள். அவர்களுக்கு நான்கு சுவர் மட்டும் தேவையில்லை. குதிரைக்கு இடம், உறவினர் அருகே வாழும் ஏற்பாடு, பயணம் செய்யும் உரிமை ஆகியவையும் அவர்களுடைய குடியிருப்புத் தேவையின் பகுதிகள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற இடைத்தங்கல் திடல்கள் நடைமுறையில் ஏறத்தாழ இல்லவே இல்லை.

அண்டை நாடான இங்கிலாந்து இன்னொரு எச்சரிக்கை. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஜிப்சிகளுக்குத் திடல் அமைப்பதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. பின்னர் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும் மானியமும் வந்தது. 1994இல் ஜான் மேஜரின் கன்சர்வேடிவ் அரசு அந்தக் கடமையையும் மானியத்தையும் ஒருசேர ஒழித்தது. 2022இல் வந்த சட்டம் அனுமதியற்ற தங்கலைக் குற்றமாக்கியது. செலவிடப்படாத நிதி அடுத்த வெட்டுக்குச் சாட்சியமாகிறது. கடமை எடுக்கப்பட்டதும் காவல்துறை வருகிறது. இந்த வரிசை தற்செயலானதல்ல.

அயர்லாந்தின் அனுபவம் இடதுசாரிகளுக்கு முன்வைக்கும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இந்தியாவில் அதிகாரப் பரவலுக்காக நின்றவர்கள் இடதுசாரிகள். 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்டம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அயர்லாந்திலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களின் அதிகாரத்தைப் பறிக்குமாறு டிராவலர்களின் சார்பில் கோரப்படுகிறது. இதை ஆதரிக்கலாமா?

ஆதரிக்கலாம் என்பதே சரி. கிராமசபை தலித் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட மறுத்தால் அதை உள்ளூர் ஜனநாயகம் என்று யாரும் போற்றுவதில்லை. பெரும்பான்மையின் வாக்கினால் சிறுபான்மையின் கூரையைப் பறிக்கும் அதிகாரம் ஜனநாயக அதிகாரம் ஆகாது. எங்கே, எப்படி, எந்த வடிவில் கட்டுவது என்பதை உள்ளாட்சி விவாதிக்கட்டும். கட்டுவதா வேண்டாமா என்பது அதன் வாக்குக்கு உட்பட்டதாக இருக்கலாகாது. அதேசமயம், அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமிருந்து எடுத்து அதிகாரியிடம் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. பாதிக் கதையில் பணத்தைத் திருப்பி அனுப்பியவர்களும் அதிகாரிகள்தாம். தேசிய அமைப்பில் டிராவலர்களின் சங்கங்களுக்குப் பெயரளவில் அல்லாத இடம் வேண்டும். தவறும் மன்றத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமை வேண்டும். செலவாகாத தொகை கஜானாவுக்குத் திரும்பாமல் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டோடு சேர வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு முன்மாதிரி இந்தியாவில் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான துணைத் திட்ட நிதி ஆண்டுதோறும் காலாவதியாவதும் திசைதிருப்பப்படுவதும் இங்கே பழைய கதை. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக தில்லியில் அந்த நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் மடைமாற்றப்பட்டது நாடறிந்தது. அதற்கெதிரான நீண்ட இயக்கங்களின் விளைவாகவே 2013இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் துணைத் திட்டச் சட்டம் வந்தது. தெலங்கானாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், செலவாகாத தொகையைக் கணக்கிட்டு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வழிசெய்தது. நடைமுறையில் குறைகள் எத்தனை இருந்தாலும், ‘காலாவதி’ என்ற சொல்லை இயற்கை நியதிபோல ஏற்க வேண்டியதில்லை என்பதை இச்சட்டங்கள் நிறுவின.

டிராவலர்களுக்கு நேரிணையான மக்கள் இந்தியாவில் நாடோடி, அரைநாடோடி, சீர்மரபு மக்கள். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் ஆட்சி பிறப்பிலேயே குற்றவாளிகளாக்கிய சமூகங்கள் அவற்றில் பல. அச்சட்டம் நீக்கப்பட்டது 1952இல்தான். ரெங்கே ஆணையம் 2008இல் மதிப்பிட்டபடி இம்மக்கள் பத்துக் கோடிக்கும் மேல். அவர்களுக்கென ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் ‘சீட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீடு ஆகிய நான்குக்கும் சேர்த்து ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய். தலைக்கு ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய். ஒரு செங்கல்கூட வாங்க முடியாத இந்தத் தொகையைப் பெறவும் சமூகச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும்.

அயர்லாந்தில் 2025 முதல் 2029 வரையிலான ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிவிட்டன. 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இது ஆறாவது சுற்று. திட்டங்களின் பக்க எண்ணிக்கையைப் பார்த்து எதையும் அறிய முடியாது. எத்தனை திடல்களுக்கு மன்றங்கள் அனுமதி தந்தன, எத்தனை குடும்பங்கள் தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடத்துக்குக் குடிபெயர்ந்தன என்ற இரண்டு எண்களைத்தான் அங்குள்ள டிராவலர் அமைப்புகளும் இடதுசாரிகளும் கேட்கிறார்கள். இந்தியாவில் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாவட்டக் குழுக்களிலும் உறுப்பினர்களாக உள்ள கட்சித் தோழர்கள், அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில் தங்கள் எல்லைக்குள் கூடாரங்களில் வாழும் குடும்பங்களைப் பற்றி இதே இரண்டு எண்களைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வைக்கலாம்.